புத்தக அலுமாரியின் திறப்பு

ஆனி 10, திங்கள்

கச்சான் காற்று. காலையில் துடைத்த மேசையில் பத்து மணிக்கே மண். துறைமுகப் பக்க யன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் புழுதி. கடையில் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்று பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினேன்.

இருந்தாலும் நல்ல நாள். கேட்டுக் கேட்டு ஒரு அலுமாரியைத் திறப்பித்துவிட்டேன். நான் பயிற்சிக்கு வந்திருக்கும் இந்தப் பள்ளி நூலகத்தில் கண்ணாடி அலுமாரி நான்கு. நான்கின் பூட்டுத் திறப்புகளும் பொறுப்பாசிரியை புவனேஸ்வரி ரீச்சரின் கைப்பையில். ஒரு புத்தகம் தொலைந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டுமாம். பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று பெயரை வாசித்துவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடமா, நகைக்கடையா?

ரீச்சர்: "ஒண்டுதான் திறக்கிறன். புத்தகம் காணாமல் போனா உம்மடை பயிற்சி அறிக்கையில எழுதிப்போடுவன்."

அந்த அறிக்கை நன்றாக இருந்தால்தான் எனக்கு நிரந்தர வேலை. "ஓம் ரீச்சர்" என்றேன். வேறென்ன சொல்ல.

ஆனி 13, வியாழன்

இன்று இரவலாகப் போனவை: கப்பல் கதை, பூச்சிகள் பற்றியது, கிழிந்த சமையல் புத்தகம். ஒன்பதாம் வகுப்புப் பரீதா கதவருகில் நின்றாள். "மிஸ், கையில எடுத்துப் பார்க்கலாமா?" கப்பல் கதை அவளுக்குத்தான்.

செய்ய வேண்டியது: பசை காய்ச்ச, மட்டை வெட்ட, செருப்பு தைக்கக் கொடுக்க.

ஆனி 20, வியாழன்

அலுமாரி காலி. முழுக் காலி, எல்லாம் பிள்ளைகளிடம். கடற்கரை வழியாக வீட்டுக்கு நடந்தேன். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "வெறும் அலுமாரிக்கு இவ்வளவு எடுப்போ?" ஓம், எடுப்புத்தான், பெருமைதான்.

ஆனி 24, திங்கள்

தலையிடி. புதன்கிழமை கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி வருகிறாராம்.

ரீச்சர்: "எல்லாத்தையும் திருப்பி எடுத்து அடுக்கும். தட்டு நிரம்பி இருக்க வேணும்."

முதலில் ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். பரீதா எழுந்து நின்றாள். பின்னேரங்களில் அவள் உரத்து வாசிக்க, எழுத்துத் தெரியாத தாய் கேட்டுக்கொண்டிருப்பாவாம்.

"உம்மா இன்னும் கேட்டு முடிக்கல்ல மிஸ். கப்பல் கரைக்கு வந்ததா எண்டு தெரியாமப் புத்தகத்தைத் தரமாட்டாவாம்."

"சரி, இருக்கட்டும்" என்று வந்துவிட்டேன். மற்ற வகுப்புகளுக்குப் போகவில்லை. ரீச்சரிடமும் சொல்லவில்லை. வீம்புதான். பயமும்.

ஆனி 26, புதன்

ரீச்சர் புதுச் சேலை. காலையில் அலுமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதைக்க நேரமில்லை, அதிகாரி வாசலில்.

"என்ன பிள்ளை, தட்டெல்லாம் வெறுமையாக் கிடக்கு?"

"புத்தகமெல்லாம் பிள்ளையளிட்டை சேர். வாசிக்கினம்."

அவர் நிமிரவேயில்லை. எழுதினார்: நூல்கள் உரிய இடத்தில் இல்லை. தேத்தண்ணி குடித்தார், போனார். உரிய இடம் எது என்று கேட்டிருக்க வேண்டும். என் நீள வாய் இன்று எங்கே போனதோ.

ரீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வேலை போனது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பரீதாவிடம் புத்தகத்தைப் பறிக்கவில்லை. அதில் எனக்குப் பெருமைதான்.

ஆனி 27, வியாழன்

ரீச்சர் எனக்கு முந்தி வந்து கதிரையில் இருந்தார். ஏச்சு விழப்போகிறது என்று நின்றேன்.

"வருஷா வருஷம் நிரப்பி நிரப்பித்தானே வைச்சனான். உள்ளுக்கு என்ன புத்தகம் எண்டு ஒரு அதிகாரியும் கேட்டதில்லை. இந்தாளுக்கு நேற்று வெறும் தட்டுத்தான் தெரிஞ்சது. பிள்ளையள் வாசிக்கினம் எண்டதை எழுதக் கை வரேல்லை."

கோபம் என்னில் இல்லை என்று விளங்கவே எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. திறப்புக் கோர்வையை மேசையில் வைத்தார்.

"மற்ற மூண்டையும் திறவும். உம்மடை பயிற்சி அறிக்கை எழுதியாச்சு. நல்லாத்தான் எழுதினனான், முகத்தை உப்பிடி வைச்சிருக்காதையும்."

இரண்டாவது பூட்டு உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடந்தது. தேங்காயெண்ணெய் விட்டுத் திறந்தோம். இடைவேளைக்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ரீச்சர் தடித்த நாவல் ஒன்றைத் தூசு தட்டி எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"ரீச்சர், பெயர் பதியவேணும்."

"நானுமோ?"

"ஓம். உங்களுக்கு முன்னால ஆறாம் வகுப்புப் பிள்ளையள் நிக்கினம்."

ரீச்சர் புத்தகத்தைக் கைப்பையிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டு போய், சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.