உன் வெள்ளீயக் கல்லுக்கு அபிஷேகம்

உள்ளங்கையில் இன்னும் துளசியும் பச்சைக் கற்பூரமும் மணக்கின்றன. இன்று காலை விஜயபுரத்தில் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் அம்மா என் கையில் தீர்த்தம் விட்டார்கள். குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டு நிமிர்ந்தால், பூசைத் தட்டில் சந்தனமும் குங்குமமுமாக உட்கார்ந்திருக்கிறது உன் கல். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு லீவில் கொண்டுவந்தாயே, கொய்யாப்பிஞ்சு அளவில், கன்னங்கரேலென்று, அதேதான். பக்கத்து வீட்டு அம்மாள் சொம்போடு நின்றுகொண்டு, "சாளக்ராமம்மா, வெளிநாட்லர்ந்து வந்தது" என்று எனக்கே விளக்கம் சொன்னாள்.

அடிப்பாவி! செத்தும் என்னை விடமாட்டாயா நீ? நானும் உன்னோடு நிலவியல் படித்தவள்தான். நான் பொறுக்கி வந்த கற்கள் என் வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுக்கின்றன. ஒன்று ஊறுகாய் ஜாடி மூடிமேல் கிடக்கிறது. உன் கல்லுக்கு மட்டும் அபிஷேகம்.

திருப்பதியில் நம் வகுப்பில் தமிழ் பேசும் பெண்கள் நாம் இருவர்தான். சோதனைக்கூடத்தில் சார் நம்மிடம் இரண்டு கறுப்புக் கற்களைக் கைக்கொன்றாக வைப்பார். ஒன்று டூர்மலின், காசுக்கு ஆகாதது. இன்னொன்று வெள்ளீயத்தின் தாதுக்கல். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி, கனம்தான் காட்டிக்கொடுக்கும். நான் இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்ப்பேன். நீ கண்ணை மூடிக்கொண்டே, "இது வெள்ளீயம் சார்" என்பாய். அன்றைக்கே எனக்கு எரிந்தது.

வெளிநாட்டுக் கம்பெனிகளெல்லாம் ஆள் தேடி வர ஆரம்பித்த காலம் அது. ஆஸ்திரேலியாவில் கிரானைட் மலைகளில் வெள்ளீயம் தேட ஆள் வேண்டும் என்று ஒரு கம்பெனி வந்தது. இன்டர்வியூவில் இரண்டு பேருமே தேறினோம். வீட்டில் சொன்னேன். "காட்டுல, ஆம்பளைங்களோட, கூடாரத்துலயா? ஒண்ணும் வாணாம். வடமாலபேட்டயிலர்ந்து நல்ல சம்பந்தம் வந்துக்கினு கீது" என்றார் என் நைனா. உன் நைனா வேர்க்கடலை மூட்டையை இறக்கிக்கொண்டே, "பாஸ்போர்ட்டுக்கு இன்னா இன்னா வேணும்னு கேட்டுக்கினு வா" என்றாராம். அவ்வளவுதான். உன் வேலைமேல் எனக்கு இருந்த பொறாமையைவிட உன் நைனாமேல் இருந்தது பெரிது. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், ஆனால் அது ஆறவில்லை.

நீ டவுனுக்கு வரும்போதெல்லாம் என் மாமனாரின் உரக்கடைக்குப் போன் செய்வாய். யூரியா மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு கேட்பேன். "மனுச வாடையே இல்லடி. ஆறு காஞ்சி கெடக்குது. மணலத் தட்டுல அள்ளி, கேன் தண்ணியில அரிசி அரிக்கிற மாதிரி அரிக்கிறேன். கறுப்பு கனமாச்சே, அது அடியில நின்னுக்குது." வளைவுக்கு வளைவு அப்படி அரித்துக்கொண்டே ஆற்றோடு மேலே போனாய். ஒரு நாள், "கறுப்பு நின்னுபோச்சுடி!" என்று கத்தினாய். நின்றுபோனதற்கா இவ்வளவு சந்தோஷம் என்று கடையிலிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியும். அந்த வளைவுக்கு மேலே மணலில் கறுப்பு இல்லையென்றால், அதற்குச் சற்றுக் கீழே ஆற்றோரம் நிற்கிற மலையிலிருந்துதான் அது உதிர்ந்து வந்திருக்க வேண்டும். நீ திரும்பி வந்து அந்த மலையில் ஏறியிருந்தாய்.

பாறைக் குழம்பு ஆறி கிரானைட்டாக இறுகும்போது, எதிலும் சேர இடமில்லாமல் கடைசிவரை மிஞ்சுகிற சாற்றில்தான் வெள்ளீயம் தங்கும். அந்தச் சாறு விரிசல் தேடி மேலே ஏறி, வழியிலுள்ள பாறையை மைக்காவாக மினுங்க வைத்துவிட்டு, வெள்ளைக் கல் நரம்போரம் கறுப்பாக உறையும். பரீட்சைக்கு நான் மனப்பாடம் செய்ததை நீ மலைமேல் கையால் தொட்டுக்கொண்டிருந்தாய். நான் போனை வைத்துவிட்டு அரைக் கிலோ பூச்சிமருந்து நிறுத்துப் போட்டேன்.

எங்கள் ஊர் மண்ணுக்கு அடியிலும் கிரானைட்தான், நானும் அதன்மேல்தான் கிடந்தேன். பிறகு போர்வெல்லுக்குப் பாயின்ட் பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தேன். தண்ணீர் வந்தால், "பெருமாள் குடுத்தாரு." புழுதி வந்தால், "அந்தம்மா பாயின்ட்டு சரியில்ல." இதுதான் என் பெயர், புகழ் எல்லாம்.

உன் மலையைக் கம்பெனி துளையிட்டுப் பார்த்தது. வெள்ளீயம் இருந்தது, ஆனால் ரோடு இல்லை, தண்ணீர் இல்லை, விலையும் படுத்துக்கொண்டது. கூடாரத்தைச் சுருட்டிவிட்டார்கள். நீ சொன்னபோது எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. அழுவாய் என்று காத்திருந்தேன். நீயோ, "இருக்கட்டும்டி. அது எங்க கீதுன்னு எனக்குத் தெரியும், போதும்" என்றாய். அந்த 'போதும்' எனக்கு வாய்க்கவே இல்லை.

அதனால்தான் இன்று அந்தக் கல்லைப் பார்த்ததும் புத்தி அப்படிப் போனது. ஒருவேளை அது வெறும் டூர்மலினாக இருந்துவிட்டால்? ஊரே தீர்த்தம் குடிக்கிற கல் காசுக்கு ஆகாதது என்று எனக்கு மட்டும் தெரிந்தால் போதும். யாரிடமும் சொல்ல மாட்டேன். "ஒரு தரம் கையில எடுத்துப் பாக்கட்டுமாம்மா?" என்றேன். "தலைக்கு ஊத்திக்கினு வந்து தொடும்மா" என்றார்கள். உங்கள் குளியலறையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, உன் அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு, ஈரத் தலையோடு வந்து நின்றேன். லேசாக இருக்கணும் பெருமாளே என்று வேண்டிக்கொண்டு எடுத்தேன்.

கை தாழ்ந்தது. வெள்ளீயமேதான்.

"நீயும் கல்லுப் படிப்புதானே படிச்ச. இன்னா கல்லும்மா இது?" என்று உன் அம்மா கேட்டார்கள். "ஈயக் கல்லும்மா. நம்ம பித்தளக் குண்டானுக்கு ஈயம் பூசுவாங்களே, அந்த ஈயம் இதுலர்ந்துதான் வருது" என்றேன். சொன்ன பிறகுதான் பயந்தேன், சாமியைப் பிடுங்கிவிட்டோமே என்று.

அவர்கள் சிரித்தார்கள். "சாமின்னு நானா சொன்னேன்? தெருவுல சொல்லிக்கிறாங்க. எம் பொண்ணு ஏரோப்ளேன்ல பொட்டியில வந்து எறங்கனா. தொறக்க வாணாம்னுட்டாங்க, கண்ணாடி வழியா மொகம் மட்டும் பாத்தேன். பெத்தவ கடசியா ஒரு சொம்பு தண்ணி ஊத்த முடியல. அவ அங்கர்ந்து தன் கையால கொண்டாந்தது இது ஒண்ணுதான் வீட்ல கீது. அதான் தெனம் குளுப்பாட்டறேன்."

கல்லைத் தட்டில் திரும்ப வைக்க எனக்குத் தோன்றவில்லை. உன் அம்மா கொடியிலிருந்து துண்டை எடுத்துவந்தார்கள். "இன்னாமே, தல சொட்டிக்கினு கீது, ஜலுப்பு புடிச்சிக்கப் போவுது. உக்காரு" என்று என்னை முக்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்று அழுத்தி அழுத்தித் துவட்டினார்கள். காதோரம், பிடரி, ஒன்றும் விடவில்லை. என் மடியில் உன் கல் கனத்துக் கிடந்தது.

துவட்டி முடிகிற வரை நான் அசையவே இல்லை. நீ எங்கிருந்தாவது பார்த்திருந்தால் உனக்கு வயிறு எரிந்திருக்கும். எரியட்டும்டி. எனக்கு இத்தனை வருஷம் எரிந்தது, உனக்கு ஒரு நாளாவது எரியட்டும்.