எங்கள் வீட்டு விமர்சகி

மார்ச் 4, 1935, திங்கள்

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன்? நாட்குறிப்பிடம். நாற்காலியில் இடித்துக்கொண்டால் அதனிடமும் மன்னிப்புக் கேட்கும் குடும்பத்தில் வளர்ந்தவள் நான்.

என் கணவன் லயனலின் வாரக் கட்டுரை பத்திரிகையில் வந்துவிட்டது. மனித சுபாவத்தைப் பற்றித்தான், வழக்கம்போல. இந்த முறை மனிதர் எங்கள் ஏழு மாத மகள் இமோஜன். அவன் தட்டச்சு செய்தாலும், தும்மினாலும், கட்டுரையை உரக்கப் படித்தாலும் அவள் கண் திறப்பதில்லையாம். இங்கிலாந்திலேயே நேர்மையான விமர்சகி அவள்தானாம். இதுவரை வந்ததில் இதுதான் உச்சம் என்கிறார் ஆசிரியர். நானும் சிரித்தேன்.

பிறகு மாடிக்குப் போய்த் தொட்டிலருகே நின்றேன். அந்தத் தும்மலுக்கு நாய் குரைக்கிறது. இவள் எப்படித் தூங்குகிறாள்?

மார்ச் 6

அவளுக்குப் பின்னால் பாத்திர மூடியைக் கீழே போட்டேன். பூனை தோட்டத்துக்கு ஓடிவிட்டது. இமோஜன் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 9

பக்கத்து வீட்டு மிஸஸ் டான்ஸ்லி வந்தார். அரை மணி நேரம் கிழக்குக் காற்றைப் பற்றிப் பேசினோம். வாசல் கதவில் கை வைத்த பிறகுதான், "ரொம்ப அமைதியான குழந்தை, இல்ல?" என்றார். "கொடுத்து வெச்சவ நான்" என்றேன். "ஆமாமா… ரொம்ப அமைதி" என்றார் மறுபடி. இருவருக்கும் புரிந்தது. உடனே டாஃபடில் பூக்களைப் பாராட்டினோம்.

மார்ச் 10

லயனலிடம் சொல்லிவிட்டேன்.

"மூரியல், என் வாசகர்கள்ல பாதிப் பேர் இப்படித்தான் தூங்குறாங்க. அவங்களை எல்லாம் டாக்டர்கிட்டயா கூட்டிட்டுப் போறோம்?"

சிரித்துத் தொலைத்தேன். ஏன்டி சிரிச்சே? பழக்கம்.

"லயனல், ஒரே ஒரு தடவை வேடிக்கை இல்லாம பதில் சொல்லு."

அவன் பைப்பைத் தேடினான். அது வாயிலேயே இருந்தது.

மார்ச் 14

டாக்டர் அவள் பின்னால் மணி அடித்தார். பெரிய மணி. பிறகு அதைவிடப் பெரியது. "வருத்தமாத்தான் இருக்கு" என்று ஆரம்பித்து, கடைசிவரை நிமிர்ந்தே பார்க்கவில்லை. காது கேட்கவில்லை. இனியும் கேட்காது.

லயனல் எழுந்து, "உங்களுக்கு வீண் சிரமம் குடுத்துட்டோம், மன்னிக்கணும்" என்றான். ரயிலில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

மார்ச் 15

ஆசிரியர் தொலைபேசியில் பேசினார். குழந்தையைப் பற்றி இன்னும் வேண்டும் என்கிறார்களாம் வாசகர்கள். "நல்லா இருக்கா, ரொம்ப நல்லா இருக்கா" என்றான் லயனல்.

அவன் அறைக்குள் தட்டச்சு சத்தம் இல்லை. அந்தச் சத்தத்தை மூன்று வருடமாகத் திட்டியவள் நான். இன்று கதவுக்கு வெளியே நின்று அதற்காகக் காத்திருந்தேன்.

மார்ச் 17, ஞாயிறு

குழந்தை அறையில் லயனல் குப்புறப் படுத்திருந்தான், கோட்டும் டையுமாக. முஷ்டியால் பலகைத் தரையைக் குத்தினான். பலகை அதிர, அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த இமோஜன் திரும்பிப் பார்த்தாள். மறுபடி குத்தினான். மறுபடி திரும்பினாள்; சிரித்தாள்.

"கண்டுபிடிச்சுட்டியா, திருட்டுக் குட்டி! நான்தான்!"

என்னைப் பார்த்ததும் முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். கண் சிவந்திருந்தது.

"மழை வரும்போல இருக்கு" என்றான்.

"ஆமா, வரும்போலத்தான் இருக்கு" என்றேன்.

லயனல், இந்த நாட்குறிப்பை உன் தட்டச்சு இயந்திரத்தின்மேல் வைக்கிறேன். நேரில் கேட்டால் இருவரும் வானிலைக்கே போய்விடுவோம். கையால் பேசக் கற்றுத்தரும் பெண் ஒருத்தி பக்கத்து ஊரில் இருக்கிறாளாம். மிஸஸ் டான்ஸ்லி வாசல் கதவருகே சொன்னார். செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் போகலாமா? வேடிக்கையாக எழுதினாலும் பரவாயில்லை. சீக்கிரம் பதில் எழுது.