ஒரு நாள் குறைந்த அறிவிப்பு

ரீடன்ஃபுர்ட்
செப்டம்பர் 22, செவ்வாய்

அன்பு மகள் வீப்கேவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், என் முட்டி வலியும் அவள் இருமலும் எங்களை விட்டுப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கின்றன. அங்கே நியூசிலாந்தில் வசந்தம் வந்திருக்கும், உன் வீட்டுக்காரரும் ஆடுகளும் சுகம்தானே. போன சனிக்கிழமை போனில் நீ கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாய். அதற்குப் போனிலேயே பதில் சொல்ல எனக்கு வரவில்லை, முப்பது வருடம் மனு எழுதியே பிழைத்தவனுக்குக் காகிதம்தான் கைகொடுக்கும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி.

நீ என்ன கேட்டாய். “ஒரே ஒரு நாளுக்காக எட்டு வருஷ மேயர் வேலையைத் தூக்கிப் போடறீங்களேப்பா, கிறுக்கா உங்களுக்கு” என்று கேட்டாய். அம்மா பாதியைத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறாள், முழுசும் கேள். பதின்மூன்றாம் தேதி நடந்த முதல் சுற்றில் நான் முந்தித்தான் இருந்தேன், ஆனால் பாதி ஓட்டைத் தாண்டவில்லை, ஆகவே வருகிற ஞாயிறு இரண்டாம் சுற்று. முதல் சுற்று முடிந்த மறுநாள், பதினாலாம் தேதி திங்கட்கிழமை, ஆற்றங்கரை வெள்ளத் தடுப்புச் சுவருக்கு ஒப்பந்தக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், பழக்கதோஷத்தில் கோப்பை முதல் தாளிலிருந்து புரட்டினேன். சுவர்த் திட்டத்தின் அறிவிப்பு நகரமன்ற வாசலில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியில் ஒரு மாதம் முழுசாகத் தொங்கியிருக்க வேண்டும், அது சட்டம். நம் காவலாளி போல்மன் அதை ஜூன் மாதம் ஒரு நாள் முன்னதாகவே எடுத்துவிட்டார். ஏன் என்று கூப்பிட்டுக் கேட்டேன். “துப்பாக்கி சுடும் போட்டித் திருவிழா நோட்டீஸ் வந்துருச்சுங்க, பெட்டியில இடமில்ல, ஒரு நாள்தானே பாக்கின்னு எடுத்துட்டேன்” என்றார். சரி, எடுத்தது எடுத்தார், எடுத்த தேதியை அறிவிப்பின் அடியிலேயே எழுதி, முத்திரை குத்தி, அழகாகக் கையெழுத்தும் போட்டுக் கோப்பில் வைத்திருக்கிறார். இப்படித் தப்பைச் செய்துவிட்டு அதற்குச் சான்றிதழும் கொடுத்து வைக்க நம் ஊர் ஆட்களால்தான் முடியும். எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது, பிறகு பேனாவை மூடி வைத்தேன்.

உனக்கு நினைவிருக்கும், நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். இறைச்சிக் கடை மாடியில் என் அலுவலகம், வேலித் தகராறும் நாய்க்கடியும்தான் வழக்கு. அப்போதைய நகரமன்றம் கீழ்த்தெருவை இடித்துச் சாலை போடப் பார்த்தது. அதற்கான அறிவிப்பும் ஒரு நாள் குறைவாகத் தொங்கியது என்று காட்டித்தான் வழக்கை ஜெயித்தேன். அன்றிலிருந்து ஊரில் எனக்கு ‘ஒரு நாள் வக்கீல்’ என்று பெயர், அந்தப் பெயர்தான் என்னை மேயர் நாற்காலி வரை தூக்கிக்கொண்டு வந்தது. அதே ஒரு நாள் இப்போது என் மேஜைக்கு வந்து நிற்கிறது. துணை மேயர் ஹென்னிங் கதவைச் சாத்திவிட்டு, “உங்களுக்கும் எனக்கும் போல்மனுக்கும்தான் தெரியும், ரெண்டு வாரம் வாயை மூடிட்டு இருங்க, ஜெயிச்சப்புறம் சொல்லிக்கலாம்” என்றான். கெட்டவன் இல்லை, என்மேல் பிரியம் உள்ளவன்தான். ஒரு மணி நேரம் நானும் அதை யோசித்தேன், உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் மேட்டுப் புல்வெளிக்காரர்கள் தங்கள் நிலம் போகிறதென்று சுவரை எதிர்த்து வழக்குப் போடக் காத்திருக்கிறார்கள். அவர்கள் வக்கீல் அந்தத் தாளைப் பார்த்தால் பாதிச் சுவரோடு வேலை நின்றுவிடும், பாதிச் சுவர் தண்ணீரை நேரே கீழ்த்தெருவுக்குத்தான் திருப்பிவிடும். அதைத் தெரிந்துகொண்டே நான் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பதா. என்னால் ஆகாது வீப்கே.

புதன்கிழமை மன்றக் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். தவறு என் அலுவலகத்தினுடையது, போல்மனை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, அறிவிப்பு மறுபடி ஒரு மாதம் தொங்கும், சுவர் வேலை வசந்தத்தில்தான் தொடங்கும், இந்தக் குளிர்காலம் மணல் மூட்டைதான் என்றேன். எனக்குப் பிடித்த அத்தனை முகமும் குனிந்துகொண்டது. பொதுமக்கள் கேள்வி நேரத்தில் கீழ்த்தெரு ரொட்டிக்கடை கெசீனே எழுந்தாள். மூன்று வருடம் முன்பு வெள்ளத்தில் அவள் கடை கூரை வரை முங்கியது உனக்குத் தெரியும். “என் அடுப்புக்குள்ள மீன் செத்துக் கிடந்துச்சு மேயரே, உங்க ஒரு நாள் கணக்கை அதுகிட்டப் போய்ச் சொல்லுங்க” என்றாள். அவளுக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் தோற்றுப்போவேன் என்று சொன்னேன், அவள் சூப்பைச் சூடாக்கிக்கொண்டே, “அப்ப தோட்டத்துல பீன்ஸ் கொடி கட்ட ஆள் கிடைச்சாச்சு” என்றாள்.

வியாழன் காலை அறிவிப்பை நானே தொங்கவிட்டேன், சாவியை போல்மன் என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் நகரமன்றம் திறக்கும் முன்பே போய்ப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை போனபோது பெட்டிக்கு முன்னால் கெசீனே நிற்கிறாள், மாவு படிந்த ஏப்ரன், மேலே மழைக்கோட்டு. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கண்ணாடியில் விரலை வைத்து, “ரெண்டாம் நாள்” என்றாள். அவ்வளவுதான். சனி, ஞாயிறு, நேற்று, எல்லா நாளும் வந்தாள். இன்று மழை, குடையோடு நின்றாள். “ஆறு” என்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே, “எங்கப்பா காலத்துல எங்க கடையைக் காப்பாத்துனது அந்த ஒரு நாள்தான், மறந்துடலை. என் ஓட்டு உங்களுக்குக் கிடையாது, அதையும் சொல்லிடறேன். ஆனா இந்தப் பேப்பர்ல எவனாச்சும் கை வச்சா அவன் கையை அடுப்புல வச்சுருவேன்” என்றாள். எட்டு வருடத்தில் இந்த ஊர் எனக்குக் கொடுத்த எந்தப் பாராட்டும் எனக்கு இவ்வளவு நிறைவாக இருந்ததில்லை. எழுதும்போதே கண் கலங்குகிறது, வயசாகிவிட்டது எனக்கு.

ஆகவே ஆடு மேய்க்க வரச் சொல்லி இப்போதைக்குக் கூப்பிடாதே. ஞாயிறு தோற்றாலும் அக்டோபர் கடைசிவரை பதவியில் இருப்பேன், ஒரு மாதம் சனிக்கிழமை முடிவதால் அறிவிப்பு பத்தொன்பதாம் தேதி திங்கள் காலைதான் கீழே இறங்கும், அதை என் கையால் எடுத்துத் தேதி போட்ட பிறகுதான் நாற்காலியை விடுவேன். ஜெயித்தால் சுவரைக் கட்டி முடிப்பேன். தோற்றால் மாடியில் மறுபடி வக்கீல் பலகை மாட்டுவேன், அந்தச் சுவரை எதிர்த்து யார் வழக்குப் போட்டாலும் கீழ்த்தெரு பக்கம் நான் நிற்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், குளிர் போய்விட்டதென்று கம்பளிச் சட்டையைக் கழற்றிவிடாதே. நீயும் அவரும் எந்தக் குறையுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் முத்தங்களும் இதில் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் முடிவு தெரிந்திருக்கும். போன் செய்யும்போது ஜெயித்தீர்களா என்று கேட்காதே, இன்று எத்தனையாவது நாள் என்று கேள்.

என்றும் உன் அப்பா,
ஏபர்ஹார்ட்