செத்தல் மிளகாய்ப் புகை

அன்பின் எமில்டா,

சுகமா இருக்கிறீரோ? முழங்கால் நோ குறைஞ்சுதோ? எனக்கொரு குறையுமில்லை.

டொக்டர் பச்சை இலை சாப்பிடச் சொன்னவர். ஆடு மாதிரி எப்பிடித் தின்னுறது? எங்கட கறுத்த ஆடு குட்டி போட்டுட்டுதோ? சரி, விசயத்துக்கு வாறன். இலைக்கு மேல ஊத்த, தயிரும் மயோனைசும் அடிச்சனான். புகைமணத்துக்குச் செத்தல் மிளகாயைக் கருக வறுத்தன். புகை அலாரம் அடிச்சுக் கட்டடத்துச் சனமே பனிக்குள்ள இறங்கி நிண்டுது. நான் அடிச்ச தயிர்க் கோப்பையோட நிண்டன். பக்கத்து வீட்டுச் செல்வரட்ணம் அண்ணை விரலால தொட்டு நக்கிப்போட்டு, "உறைப்புத் திறம், தம்பி. உப்புத்தான் காணாது. பொஞ்சாதியைக் கெதியாக் கூப்பிடும்" எண்டார். எல்லாரும் சிரிச்சினம்.

உம்மட விசா வந்திட்டுதோ? இருக்கவே ஏலாமல் யன்னலுக்கும் கதவுக்கும் நடக்கிறன். மிளகாய்த்தூள் பார்சலில போடவோ எண்டு கேட்டனீர். போடாதையும். வரேக்க நீரே கொண்டு வாரும்.

வேலைக்குப் போற பஸ் யன்னலால தெரியுது, மிச்சம் பிறகு எழுதுறன்.

உம்மட,
ஜெனாட்