ஐம்பத்தாறு சுற்று

உ
கணபதி, கோவை
9.1.1997

அன்புள்ள சித்திகா அம்மணிக்கு, கிருபாசங்கர் எழுதுவது.

வீட்டில் எல்லோரும் சுகம்தானே? மகள் யுஸ்ரா இந்த வருஷம் பத்தாவது இல்லையா?

மூன்று வருஷம் முன்பு சுங்கவரி குறைந்ததும், பம்ப்செட் மோட்டார் காயிலைத் தைவானிலேயே சுற்றி வரவழைக்கலாம் என்று உங்கள் ஆறு பேரையும் நிறுத்தினேன். அன்றைக்கு நீங்கள், "மொதலாளி, நம்மூரு கரண்டுக்கு அது தாங்காதுங்க" என்றீர்கள். நான் சிரித்தேன். போன கோடையில் கோபிப் பக்கமிருந்து மட்டும் முப்பது மோட்டார் கருகித் திரும்பின. யார் சுற்றியது என்று தெரிய ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டுவீர்களே, உங்கள் பச்சை நூல் கட்டிய மோட்டார் ஒன்றுகூட அப்படித் திரும்பியதில்லை.

டாலரும் ஏறிவிட்டது. மறுபடி இங்கேயே சுற்றப்போகிறோம். பழைய மெஷின்கள் இரும்புக்கடைக்குப் போய்விட்டன, வைண்டிங் ஷெட் முழுக்க அட்டைப்பெட்டி. அதெல்லாம் என் பாடு. ஆட்களைச் சேர்ப்பது உங்கள் பாடு. மார்ச் முதல் வாரம் வந்துவிடுங்கள்.

அன்புடன்,
கிருபாசங்கர்


786
கோட்டைமேடு
12.2.1997

மரியாதைக்குரிய முதலாளி அவர்களுக்கு, சித்திகா எழுதிக்கொள்வது.

பெருநாள் வேலையில் பதில் தாமதமாகிவிட்டதுங்க. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சந்தோஷம் கொஞ்சம் கழித்துத்தான் வந்தது.

ரங்கநாயகியும் இஸ்மத்தும் வருகிறார்கள். இரண்டு பேர் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். பூவாத்தாள் கோபியில் வாழை போட்டிருக்கிறாள். நம் கம்பெனி மோட்டார் என்று நம்பி வாங்கினாள். சித்திரையில் கருகி, பாதி வாழை காய்ந்துவிட்டது. கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றுவிட்டாள்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் நேற்றோடு நின்றுவிட்டேன். "ஒருக்கா நின்னா மறுபடி எடுக்க மாட்டோமுங்கக்கா" என்றார் சூப்பர்வைசர். "வேண்டாங்க, எனக்குன்னு ஒரு கம்பெனி இருக்குது" என்று சொல்லிவிட்டேன். நானா இப்படிப் பேசினேன் என்று ரயிலில் வரும்போது வெட்கமாக இருந்தது.

மார்ச் மூன்றாம் தேதி காலையில் வந்துவிடட்டுமா?

என்றும் உங்கள்,
வைண்டிங் சித்திகா


உ
கணபதி, கோவை
5.3.1997

அன்புள்ள சித்திகா அம்மணிக்கு,

மூன்றாம் தேதி நீங்கள் மூவரும் வந்து கேட்டில் நின்றதாக வாட்ச்மேன் சொன்னார். நான் மெட்ராஸில் இருந்தேன். முன்பே எழுதியிருக்க வேண்டும்.

பட்ஜெட்டில் வரியை இன்னும் குறைத்துவிட்டார்கள். தைவான்காரரும் விலையை இறக்கிவிட்டார். புது மெஷின் போட்டு இங்கே சுற்றினால் கட்டுப்படியாகாது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம். தப்பாக நினைக்க வேண்டாம்.

ஓர் உதவி. நம் வைண்டிங் புத்தகத்தில் இருந்த சுற்று எண்ணிக்கையைத்தான் தைவானுக்கு அனுப்பியிருந்தேன். குறைந்த கரண்டுக்காக நீங்கள் அதை மாற்றிச் சுற்றியதை இங்கே யாரும் எழுதி வைக்கவில்லை. எத்தனை சுற்று, எந்தக் கம்பி என்று எழுதினால் அங்கேயே அதே மாதிரி சுற்றச் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
கிருபாசங்கர்


786
கோட்டைமேடு
28.3.1997

கிருபாசங்கர் அவர்களுக்கு,

புத்தகத்தில் இருப்பது அறுபத்திரண்டு சுற்று. நாங்கள் சுற்றியது ஐம்பத்தாறு. கம்பியும் அதில் இருப்பதைவிட ஒரு நம்பர் தடிமன். நானூற்றுச் சொச்சம் வரவேண்டிய வோல்டேஜ் முந்நூறுக்கு இறங்கினாலும் ஓடும்.

எழுதாமல் விட்டிருக்கலாம். பூவாத்தாள் மறுபடியும் உங்கள் மோட்டாரையே வாங்கப்போகிறாளாம். அதனால் எழுதினேன்.

ரங்கநாயகியிடமும் இஸ்மத்திடமும் நானே போய்ச் சொன்னேன். "அப்பிடியாக்கா" என்றார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. வரட்டும் என்று ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து சோறு வடித்தேன். திருப்பூருக்கும் போய்க் கேட்டுப் பார்த்தேன். சூப்பர்வைசர் சொன்ன சொல் மாறவில்லை.

யுஸ்ரா பரீட்சைக்குப் படிக்கிறாள். கேட்டிருந்தீர்கள்.

தைவான்காரருக்கு எல்லாவற்றையும் சொல்லுங்கள். பச்சை நூல் மட்டும் கட்டச் சொல்லாதீர்கள். அது நான் சுற்றியதற்குக் கட்டுவது.

சித்திகா