அப்பாவின் கல்வெட்டில் விடுபட்ட பெயர்

உரும்பிராய்
04.08.2024

அன்பு மகள் சாருஜாவுக்கு உன் குஞ்சியப்பா எழுதுவது,

இங்கே நானும் குஞ்சியம்மாவும் பிள்ளையார் புண்ணியத்தில் கல்லுப்போல இருக்கிறோம். நீயும் மருமகன் கோகுலனும் அந்த நோர்வேக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். போனில் சொல்லாமல் இந்த மனிசன் ஏன் பேனையைத் தூக்கினான் என்று யோசிப்பாய். போனில் என்றால் நீ இடையில் ஏதாவது கேட்பாய், நானும் அந்தச் சாட்டில் வேறு கதைக்குத் தாவிவிடுவேன். தாளில் அப்படித் தப்ப முடியாது. எங்கள் கிணற்றடிக் கதலி இந்த முறை போட்ட குலையை நாலு பேர் பிடித்துத்தான் இறக்கினோம். விவசாயக் கந்தோர் ஐயா சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டு இலங்கையிலேயே இப்படிக் குலை இல்லை என்றார், அல்லது அப்படிச் சொல்லுகிற மாதிரி முகத்தை வைத்திருந்தார். குஞ்சியம்மாவின் முழங்கால் நோவு குறைவு. நீ நேரத்துக்குச் சாப்பிடு, பாண் துண்டைக் கடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடாதே.

இனி விசயத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழக நூலகம் என்னைத் தேடி வந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனைத் தேடிப் பல்கலைக்கழகமே வாசலுக்கு வந்தது என்றால் நம்புவாயோ? ஒரு பட்டாளமே வந்தது, மூன்று பேர். லீவுக் காலத்தில் மாணவர்கள் வீடு வீடாகப் போய், செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நாங்கள் அடித்துக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகங்களைச் சேர்க்கிறார்கள். படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், யார் யாருக்குப் பிறந்தார், சகோதரங்கள் யார் யார் என்று அதில் எல்லாம் இருக்கும்தானே. அதைப் பக்கம் பக்கமாக மெசினில் படமெடுத்து, உலகத்தில் எவரும் பார்க்கக் கணினியில் ஏற்றுகிறார்களாம். பிள்ளைகளுக்குத் தலைவி ஜெசிதா என்று கொக்குவில் பெட்டை, கெட்டிக்காரி. நான் உன் அப்பாவின் கல்வெட்டை எடுத்துக் கொடுத்தேன். அதை எழுதுவித்தவன் நான் என்று உனக்குத் தெரியும். எங்கள் பூட்டனார் யானை வைத்திருந்தவர் என்ற இடத்தில் ஜெசிதா நிறுத்தி, “ஐயா, மெய்யாவோ?” என்று கேட்டாள். “ஓம் பிள்ளை, ரெண்டு யானை. இடம் காணாதெண்டுதான் ஒண்டை மட்டும் எழுதினது” என்றேன். சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து அந்தப் பிள்ளை திரும்பவும் வந்தது, இந்த முறை தனிய. சிரிப்பில்லை. பருத்தித்துறையில் லெனாட் என்று ஒரு வாத்தியார் இரண்டு வருசத்துக்கு முன் காலமானவர். அவருக்கு வீட்டுக்காரர் அடித்த நினைவுப் புத்தகமும் நூலகத்துக்கு வந்திருக்கிறது. எல்லாப் புத்தகத்துப் பெயர்களையும் கணினியில் பதிந்து, எந்தக் குடும்பம் எதோடு சேருகிறது என்று பார்ப்பார்களாம். அந்தப் பிள்ளை கேட்டது அப்படியே என் காதில் இருக்கிறது. “ஐயா, லெனாட் வாத்தியாற்றை புத்தகத்திலை அவற்றை மனுசி உரும்பிராய் குணலட்சுமி எண்டு கிடக்கு. அவவின்ரை அண்ணைமார் தியாகராசா, செல்வநாயகம் எண்டும் கிடக்கு. உங்கடை புத்தகத்திலை அவவைக் காணேல்லை. எந்தப் புத்தகம் பிழை?”

நான் கொஞ்சமும் தடுமாறவில்லை, அச்சுக்கூடத்தான் விட்ட பிழை என்று சொன்னேன். அவளும் “அப்ப அச்சுப்பிழை எண்டு ஒரு குறிப்புப் போடுறன்” என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

மகள், குணலட்சுமி எனக்கும் உன் அப்பாவுக்கும் தங்கச்சி. உனக்கு மாமி. முப்பது வருசத்துக்கு முன், நாங்கள் பேசி வைத்த சம்பந்தத்தை விட்டுவிட்டு வேதக்காரப் பொடியன், சேர்ச்சுக்குப் போகிற லெனாட்டைப் பதிவுத் திருமணம் செய்தாள். சம்பந்தம் பேசி வந்த கதைகாரியை மாப்பிள்ளை வீட்டாரிடம் திருப்பி அனுப்பி, வெற்றிலைத் தட்டத்தோடு தலை குனிந்து நின்றவன் நான். உன் அப்பா நாலைந்து வருசத்தில் ஆறிவிட்டார், எனக்குத் தெரியாமல் பருத்தித்துறைக்குப் போய் வந்தும் இருக்கிறார். கடைசி வருத்தத்தில் அவளைக் கூட்டி வரச்சொன்னார். நான் நாளைக்கு, நாளைக்கு என்று நாளைப் போக்கினேன். கல்வெட்டு எழுதின பண்டிதர் சகோதரங்களின் வரிசையில் அவள் பெயரையும் ஒழுங்காகத்தான் போட்டிருந்தார். அச்சுக்கூடத்திலிருந்து வந்த மாதிரித்தாளில் அதைச் சிவப்பு மையால் வெட்டினவன் நான். செத்தவீட்டன்று வாசல் படலையடியில் நின்று அழுத மனுசி யார் என்று நீ கேட்டாய், உனக்கு அப்போது எட்டு வயது. ஆரோ ஊர்ச்சனம் என்று சொன்னேன். உன் அம்மாவும் போன பின் உன்னை என் பிள்ளையாய் வளர்த்தேன், அந்தக் காலமெல்லாம் இதை மட்டும் உனக்குச் சொல்லவில்லை.

ஜெசிதா போன பிறகு எனக்குச் சோறு பிடிக்கவில்லை. முந்நூறு புத்தகம் அடித்து ஊருக்குள் கொடுத்ததை முந்நூறு வீட்டோடு போயிற்று என்று விட்டேன். கணினியில் ஏறினால் இது நோர்வேயிலும் தெரியும், உன் பிள்ளைகளும் பார்ப்பார்கள். அங்கே அந்தப் பருத்தித்துறைப் புத்தகத்தில், ஒரு நாள் வாசலை மிதிக்காத என்னையும் அண்ணன் என்று போட்டிருக்கிறார்களே, அதுதான் நெஞ்சில் முள்ளாய் நின்றது. அடுத்த நாளே பஸ் ஏறினேன். உன் குஞ்சியப்பா எதற்கும் பயப்படாதவன் என்று உனக்குத் தெரியும், ஆனால் அந்த வீட்டுக் கேற்றைத் தட்டுவதற்கு முன் சந்திக் கடையில் மூன்று தேத்தண்ணி குடித்தேன்.

அவள் என்னைக் கண்டு மயங்கி விழுவாள் என்று நினைத்தேன். “வாங்கோ அண்ணை, செருப்போடை வரலாம், ஆனால் கூட்டின இடம்” என்று சொல்லிவிட்டுக் கதிரையைத் தள்ளிப் போட்டாள். தலை முழுக்க நரைத்துவிட்டது, கதை மட்டும் அப்படியே. பல்கலைக்கழகம் என்னை எப்படி மதிக்கிறது என்பதில் தொடங்கி எல்லாம் விளக்கினேன். பெயரைச் சேர்க்கப்போகிறோம், அச்சுப்பிழை என்று குறிப்பும் போட்டாயிற்று என்றேன். அவள் தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னாள்: “அச்சுக்கூடத்தானுக்கு என்னிலை என்ன கோவம் அண்ணை? அவன் என்னைக் கண்டதுமில்லை. பேரை வெட்டினது ஆரெண்டும் சேர்த்துப் போடுறதெண்டால் போடுங்கோ. இல்லாட்டி இருந்தபடி இருக்கட்டும், எனக்கு ஒரு குறையுமில்லை.” நான் வயதைச் சொன்னேன், ஊரில் எனக்கிருக்கிற மரியாதையைச் சொன்னேன். “அதை ஆர் இல்லையெண்டது?” என்று கேட்டுவிட்டு மீன் வெட்டப் போய்விட்டாள். பிறகு குசினியிலிருந்தே, “பெரியண்ணையின்ரை பிள்ளை என்ன செய்யிறாள்? இருபத்தேழு ஆயிருக்குமே” என்று கேட்டாள். உன் வயதை என்னை விடச் சரியாக வைத்திருக்கிறாள். அன்று அங்கேதான் சாப்பிட்டேன். அந்த மாதிரிச் சரக்குத்தூள் போட்டு ஒருத்தரும் குழம்பு வைக்க மாட்டார்கள், இதைக் குஞ்சியம்மாவுக்குச் சொல்லாதே.

திங்கட்கிழமை நூலகத்துக்குப் போனேன். கல்வெட்டில் பேனையால் எழுதிவிடுவோம் என்று எடுத்தேன், ஜெசிதா பாய்ந்து பிடித்துவிட்டாள். பழம் புத்தகத்தில் ஒரு புள்ளியும் வைக்கக் கூடாதாம், வெட்டினதை வெட்டினபடியே வைத்துக்கொண்டு பக்கத்தில் சேர்க்கைத் தாளும் குரல் பதிவும் வைப்பதுதான் அவர்களின் முறையாம். கதவு சாத்தின அறையில் என்னை இருத்திப் பதிந்தார்கள். “ஐயா, கொஞ்சம் மெல்லமாக் கதையுங்கோ, மெசின் அதிருது” என்றாள். பெரிதாகச் சொல்ல ஆயத்தம் செய்துகொண்டு போனேன், வாயில் வந்தது இவ்வளவுதான்: “நான் செல்வநாயகம். தியாகராசா என்ரை அண்ணை. எங்களுக்கு ஒரே ஒரு தங்கச்சி, குணலட்சுமி. அண்ணை கடைசியிலை அவளைக் கேட்டவர், நான் கூட்டிக்கொண்டு வரேல்லை. புத்தகத்திலை அவளின்ரை பேரை வெட்டினது நான். அச்சுக்கூடத்திலை பிழையில்லை.” ஒரே தடவையில் முடித்துவிட்டேன். இப்படித் தெளிவான குரல் இந்த லீவில் இன்னும் வரவில்லையாம், அதை ஜெசிதா தன் வாயால்தான் சொன்னாள்.

ஆனால் இதை வெளியில் விட, காலமானவரின் பிள்ளை சம்மதிக்க வேண்டுமாம். இந்த மாதம் முடிவதற்குள் உன் கையெழுத்து வராவிட்டால் கல்வெட்டு மட்டும் பழையபடி ஏறிவிடும், மாமி இல்லாமலே. என்னில் உனக்குக் கோபம் வரும், வரட்டும், தாராளமாகப் போனில் ஏசு, ஆனால் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிற சம்மதத் தாளைக் கிழிக்காதே. நீல மையால் கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பு. மாமியின் நம்பரைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலால் வந்த பிறகு எடு, தெரியாத நம்பர் என்று முதலில் வெட்டுவாள், திரும்ப எடு. நல்லூரான் துணையிருக்க, உங்கள் இரண்டு பேருக்கும் நோய் நொடி அண்டாமல், நினைத்தது நடந்து நீடு வாழ வேண்டும். தாளில் கையெழுத்துக்கு மூன்று இடம் இருக்கிறது. மூத்தவர் என்று ஜெசிதா முதலாவது இடத்தை எனக்குத்தான் காட்டினாள். நான் அதை வெறுமையாய் விட்டு இரண்டாவதில் போட்டேன். பிறகு பருத்தித்துறைக்குக் கொண்டுபோய் மாமியிடம் முதலாவதில் வாங்கினேன். மூன்றாவது உன்னுடையது.

இப்படிக்கு,
குணலட்சுமியின் அண்ணன், உன் குஞ்சியப்பா
செல்வநாயகம்