சொரிமுத்து கையைக் கட்டினான்

தாராவி, பம்பாய்-17
16-4-1965

அன்பு மகன் நம்பிராஜனுக்கு அப்பா பூதத்தான் எழுதிக்கொள்வது. அம்மன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், பிலாய் வெயிலில் இரும்பு உலைக்குப் பக்கத்தில் நிற்கிற உன் உடம்பைப் பற்றித்தான் எந்நேரமும் நினைப்பு, மோர் நிறையக் குடி. உன் கல்யாணம் அம்மன் கோயிலிலா, புத்தர் படத்துக்கு முன்னாலா என்று கேட்டிருந்தாய். முடிவாகிவிட்டது, ஆன விதத்தைக் கேட்டால் சிரிப்பாய்.

உனக்கு மாமனாராக வரப்போகிற சொரிமுத்துவும் நானும் தோல் பதனிடுகிற கம்பெனியில் ஒரே தொட்டியில் கை நனைத்தவர்கள். அம்பேத்கர் புத்த மதத்துக்கு மாறின அன்று நாக்பூருக்கும் இருவரும்தான் போனோம். அவர் சொல்லச் சொல்ல சொரிமுத்து எழுந்து நின்று உறுதிமொழி சொன்னான், நான் அவன் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது ரயிலில் ஆரம்பித்த சண்டை எட்டு வருஷமாக ஓயவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் நஜிமுதீன் டீக்கடையில் எங்கள் சத்தம்தான். அம்பேத்கர் சட்டம் எழுதியதையும் படிக்கச் சொன்னதையும் தலைமேல் வைத்துக்கொள்கிறேன், ஆனால் அம்மனை எதற்கு விடவேண்டும், அவளா என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள் என்பது என் கட்சி. தள்ளி நிக்கச் சொன்னவன் கையிலதாம்லே கோயில் சாவி இருக்கு, அவன் வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே அவங்கூட எப்பிடிலே மல்லுக்கட்டுவ என்பான் அவன். சாமி பேரை வைத்துக்கொண்டு சாமி வேண்டாம் என்கிறாயே என்றால், பேரு எங்கப்பன் வச்சது, புத்தி பாபாசாகேப் வச்சதுலே என்பான். நஜிமுதீன் வந்து பஸ் கரோ பாய், போதும் நிறுத்துங்கள் என்று கும்பிட்டால்தான் எழுந்திருப்போம். என்ன நாட்கள் அவை, நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

போன மாதம் உனக்கும் பேராச்சிக்கும் பேச்சு உறுதியானது, அன்றிலிருந்து மனுஷன் ஆளே மாறிவிட்டான். பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை வீட்டாரிடம் குரல் உயர்த்தக் கூடாதாம். நம் வீட்டுக்கு வந்தால் நாற்காலி நுனியில் உட்காருகிறான். தாலி அம்மன் கோயிலில் கட்டலாமா என்று வம்புக்குத்தான் கேட்டேன், நீங்க எப்பிடிச் சொல்லுதியளோ அப்பிடியே செஞ்சிரலாம் என்று எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டான். எட்டு வருஷ வழக்கில் நான் ஜெயித்துவிட்டேன், அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பேராச்சி வேறு உன் அம்மாவிடம் வந்து, அப்பா வீட்டுல சத்தமே போடமாட்டேங்காவ, பயமா இருக்கு அத்தை என்று அழுதிருக்கிறாள்.

முந்தாநாள் அம்பேத்கர் ஜெயந்தி. வருஷா வருஷம் நீலக்கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிறவன், சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று வாசலில் நின்று ஊர்வலத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவன் முன்னால் போய் நின்று, யாருக்கும் கைகட்டி நிற்காதே என்பதுதான் அம்பேத்கர் சொன்னதுக்கெல்லாம் அர்த்தம் என்று என்னிடம் தொண்டை கிழியக் கத்தினவன் நீதானே, இப்போது என்னிடமே கட்டுகிறாயே, கல்யாணம் புத்தர் படத்துக்கு முன்னால்தான், ஆனால் நான் அம்மனுக்குப் பொங்கல் வைப்பேன் என்றேன். உடனே அவன், ஏலே பூதத்தான், பொங்கல் வச்சா நீயே தின்னு, என் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினா நடக்கிறதே வேற என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொடி பிடிக்கப் போனவனுக்குப் பின்னாலேயே சண்டை போட்டுக்கொண்டு நானும் தாதர் வரை நடந்தேன்.

லீவை இப்போதே எழுதிக்கொடு. அங்கே நல்ல புத்தர் படம் கிடைத்தால் வாங்கி வா, இங்கே இருக்கிற எதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. அம்மா உனக்குத் திருநீறு வைத்து அனுப்பியிருக்கிறாள், பூசுவதும் பூசாததும் உன் இஷ்டம். நீயும் பேராச்சியும் குறைவில்லாமல் வாழவேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, மாப்பிள்ளை என்று உன் முன்னாலும் அவன் கையைக் கட்டுவான். பிடித்துப் பிரித்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
பூ. பூதத்தான்